ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை: தேர்வும் டோஸும் அன்றாடக் கவனிப்பும்

இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கிக்கொண்டிருப்பதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். சுருக்கமாக ஏ.எஃப். படபடப்பும் மூச்சுவாங்கலும் நோயாளிக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பது வேறு. இடது மேலறையின் ஓரத்தில் விரல் போல நீண்ட சிறு பை ஒன்று உண்டு. மேலறை சரியாகச் சுருங்காதபோது அதற்குள் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி பிய்ந்து கிளம்பினால் மூளைக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளலாம். வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கே ஏ.எஃப் பக்கவாத அபாயத்தைச் சுமார் 5 மடங்கு கூட்டுகிறது. உறைவைத் தடுக்கும் மாத்திரையைச் சரியாக எடுத்தால் அந்த அபாயத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறையும்.

இந்த மாத்திரை துடிப்பைச் சீராக்காது, படபடப்பைத் தணிக்காது. சாப்பிட்டாலும் விட்டாலும் உடம்பில் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் எளிதில் கைவிடப்படுகிறது. இன்னொரு பக்கம், ரத்தம் கசிந்துவிடுமோ என்ற பயம். டோஸைப் பாதியாக்குவது, ஆஸ்பிரினே போதும் என்று விட்டுவிடுவது, ஒரு பல் பிடுங்க வாரக்கணக்கில் நிறுத்துவது எல்லாம் அந்தப் பயத்தில் செய்யப்படுபவை. கசிவு உண்மையான ஆபத்துதான். ஆனால் அதைக் குறைக்க வழி வேறு. கீழே வரும் அளவுகள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுவதற்கானவை. நீங்களாக மாற்றிக்கொள்வதற்கானவை அல்ல.

யாருக்குத் தேவை

முதலில் வால்வைப் பாருங்கள். செயற்கை உலோக வால்வு பொருத்தியவர், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள மிட்ரல் வால்வு நடுத்தர அளவிலோ கடுமையாகவோ சுருங்கியவர், இதயத் தசை தடித்த நோய் உள்ளவர் ஆகிய மூவருக்கும் ஏ.எஃப் வந்தால் மதிப்பெண் கணக்கே வேண்டாம், மாத்திரை வேண்டும்.

மற்றவர்களுக்குப் பக்கவாத அபாய மதிப்பெண்ணாகக் கூட்டிப் பார்க்க வேண்டியவை இவை: இதயச் செயலிழப்பு 1, உயர் ரத்த அழுத்தம் 1, சர்க்கரை நோய் 1, மாரடைப்பு அல்லது கால் ரத்தக்குழாய் அடைப்பு 1, வயது 65 முதல் 74 வரை 1, 75-ஐத் தொட்டுவிட்டால் 2, முன்பே பக்கவாதமோ சில நிமிடங்களில் சரியான தற்காலிகப் பக்கவாதமோ வந்திருந்தால் 2. மொத்தம் 2 அல்லது மேல் என்றால் மாத்திரை தொடங்க வேண்டும். 1 என்றால் யோசித்து முடிவெடுக்கலாம். 0 என்றால் தேவையில்லை. பழைய கணக்கில் பெண்ணாக இருப்பதற்கும் 1 உண்டு. 2024-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டல் அதை எடுத்துவிட்டது.

ஏ.எஃப் எப்போதும் இருக்கிறதா, வந்து வந்து போகிறதா என்பது இந்தக் கணக்கில் வராது. மாதத்துக்கு ஒருமுறை சில மணி நேரம் வந்து போகிறவருக்கும் இதே மதிப்பெண்தான்.

ஆஸ்பிரின் இதற்கு மாற்று அல்ல. வார்ஃபரின் என்ற பழைய உறைவெதிர்ப்பு மருந்தை எடுக்க முடியாதவர்களில், அபிக்ஸபான் என்ற புதிய மருந்தையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட அவெரோஸ் ஆய்வு 2011-இல் வெளியானது. அபிக்ஸபான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் மேல் குறைந்தது. பெரிய ரத்தக்கசிவோ இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. 'வயதானவர், ஆஸ்பிரினே பாதுகாப்பு' என்ற பேச்சுக்கு அதற்குப் பிறகு இடமில்லை. 'நடக்கும்போது விழுந்துவிடுவார்' என்பதும் அதுமட்டுமே காரணமாக மாத்திரையை மறுக்கப் போதாது.

ரத்தக்கசிவு அபாயத்தை மதிப்பிட வேண்டியது மாத்திரையை மறுக்க அல்ல, சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்ய. ரத்த அழுத்தத்தின் மேல் எண் 160-ஐத் தாண்டி நிற்கிறதா, வலி மாத்திரை தினமும் உள்ளே போகிறதா, மது உண்டா, ரத்தசோகை இருக்கிறதா? இவற்றைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது.

எந்த மருந்து

இரண்டு வகை உண்டு. ஒன்று, வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கும் வார்ஃபரின், அசெனோகுமரால். மற்றது, உறைதலின் ஒரே ஒரு படியை நேரடியாகத் தடுக்கும் புதிய மருந்துகள்: டாபிகாட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான், எடோக்ஸபான். பெரும்பாலான நோயாளிகளுக்கு இன்று முதல் தேர்வு புதியவைதான். மூளைக்குள் ரத்தம் கசிவது வார்ஃபரினைவிட இவற்றில் குறைவு, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கவும் வேண்டாம்.

இரண்டு இடங்களில் புதியவை கூடாது. உலோக வால்வு உள்ளவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வு, கட்டியும் கசிவும் இரண்டுமே கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. முடிவு 2013-இல் வெளியானது. ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கியவர்களில் ரிவரோக்ஸபானைவிட வார்ஃபரின் வகையே உயிரைக் காத்தது என்று 2022-இல் இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் மிட்ரல் வால்வைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் புதிய மாத்திரை எழுதுவது பெரிய பிழை.

டோஸ்: பயத்தால் குறைக்கக் கூடாது, கணக்கால் குறைக்கலாம்

தொடங்கும் முன் ஹீமோகுளோபின், பிளேட்லெட், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கல்லீரல் பரிசோதனை ஆகியவை கையில் இருக்க வேண்டும். எடையைக் கேட்டு எழுதாதீர்கள், நிறுத்துப் பாருங்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை இப்படிக் கணக்கிடுங்கள்: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, அதை 72 × கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். பெண் என்றால் வந்த விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும்.

78 வயதுப் பெண், எடை 54 கிலோ, கிரியாட்டினின் 1.3 என்று வைத்துக்கொள்வோம். 140 − 78 = 62. 62 × 54 = 3348. 72 × 1.3 = 93.6. வகுத்தால் 35.8. 0.85-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 30 மில்லி. 1.3 என்ற எண்ணைப் பார்த்து 'கொஞ்சம்தான் கூடுதல்' என்று யாரும் கடந்துபோய்விடுவார்கள். உண்மையில் சிறுநீரகம் வெகுவாகக் குறைந்த வேகத்தில் வேலை செய்கிறது.

இதே பெண்ணுக்கு ஒவ்வொரு மருந்தும் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

ரிவரோக்ஸபான் வழக்கமாக நாளுக்கு ஒருமுறை 20 மி.கி. வடிகட்டல் 50-க்குக் கீழே என்பதால் இவருக்கு 15 மி.கி.

எடோக்ஸபான் வழக்கமாக 60 மி.கி. வடிகட்டல் 50 வரை, அல்லது எடை 60 கிலோ வரை என்றால் 30 மி.கி. இவருக்கு இரண்டுமே பொருந்துகிறது. 30 மி.கி.

அபிக்ஸபான் வழக்கமாக 5 மி.கி., நாளுக்கு இருமுறை. வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது மேல் ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டு இருந்தால் மட்டுமே 2.5 மி.கி. இவருக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது. எனவே முழு டோஸ், 5 மி.கி. இங்கேதான் கை நடுங்கி 2.5 எழுதப்படுகிறது. 'வயசாச்சு, ஒல்லியா இருக்காங்க, கிட்னியும் சுமார்' என்ற கணிப்பு விதி ஆகாது. அப்படிக் குறைத்தால் பக்கவாதத்திலிருந்து கிடைக்கும் காப்பு குறையும். கசிவும் அதே அளவுக்குக் குறையும் என்று நம்ப இடமில்லை.

டாபிகாட்ரான் 150 மி.கி. இருமுறை. 80 வயதைக் கடந்தவர்களுக்குப் பல நாடுகளில் 110 மி.கி. இருமுறை. இந்த மருந்தில் சுமார் 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. எனவே 30-ஐ ஒட்டி நிற்கும் இவருக்கு இதைத் தேர்வு செய்யாமல் இருப்பதே நல்லது.

கணக்கு ஒருமுறை போட்டால் முடிந்துவிடாது. வடிகட்டல் 60-க்குக் கீழே இருந்தால் அந்த எண்ணைப் பத்தால் வகுத்து, வரும் விடை எத்தனையோ அத்தனை மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் பார்க்க வேண்டும். 30 என்றால் 3 மாதம். மற்றவர்களுக்கு வருடம் ஒருமுறை, 75 வயதைத் தாண்டியவர்களுக்கு அரை வருடத்துக்கு ஒருமுறை. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து உடம்பில் நீர் வற்றியிருந்தால் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சாப்பிடும் முறை

ரிவரோக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் 20 மி.கி. எடுத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போகும். நாளின் பெரிய சாப்பாடு எதுவோ அதோடு வைத்துக்கொள்ளுங்கள். அபிக்ஸபானுக்கும் எடோக்ஸபானுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

டாபிகாட்ரான் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளைக் கொட்டிச் சாப்பிடக் கூடாது. அப்படிச் செய்தால் ரத்தத்தில் சேரும் அளவு எகிறும். ஈரம் பட்டால் கெட்டுவிடும் மருந்து இது. வாரத்துக்கான மாத்திரை டப்பாவில் போட்டு வைக்காமல் அதன் சொந்த அட்டையிலோ புட்டியிலோ வைத்து, எடுக்கும் நேரத்தில் மட்டும் பிரிக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். நெஞ்செரிச்சல் இதில் அடிக்கடி வரும் தொல்லை. மாத்திரையை விழுங்க முடியாதவர்களுக்கு அபிக்ஸபானையோ ரிவரோக்ஸபானையோ பொடித்துத் தரலாம்.

மறந்துவிட்டால்? நாளுக்கு இருமுறை மருந்து என்றால் தவறிய நேரத்திலிருந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்கலாம். ஒருமுறை மருந்து என்றால் 12 மணி நேரம் வரை. அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்ததை உரிய நேரத்தில் எடுங்கள். இரட்டிப்பாக எடுக்கவே கூடாது. தவறுதலாக இரண்டு மடங்கு போட்டுவிட்டால், இருமுறை மருந்தில் அடுத்த வேளையைத் தவிர்க்கலாம். ஒருமுறை மருந்தில் மறுநாள் வழக்கம்போல் தொடரலாம். போட்டோமா இல்லையா என்ற சந்தேகமா? இருமுறை மருந்தானால் எடுக்காமல் அடுத்த வேளைக்குக் காத்திருங்கள்.

புதிய மருந்துகளின் வலிமையே அவற்றின் பலவீனமும். 12 முதல் 24 மணி நேரத்தில் காப்பு போய்விடும். வார்ஃபரினில் ஒரு நாள் விட்டால் தாங்கும், இதில் தாங்காது. எனவே அட்டை தீரும் முன் அடுத்தது வீட்டில் இருக்க வேண்டும். நாளுக்கு இருமுறை மாத்திரையை ஒழுங்காக எடுக்க மாட்டார் என்று தெரிந்தால் ஒருமுறை மருந்தைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண் ஐ.என்.ஆர். இலக்கு, அது 2-க்கும் 3-க்கும் இடையே. மிட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் 2.5 முதல் 3.5 வரை. தொடக்க டோஸ் வழக்கமாக 5 மி.கி. முதியவர், மெலிந்தவர், கல்லீரல் அல்லது இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அதிலும் குறைவு. மாலையில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. காலையில் கொடுத்த ரத்தத்தின் முடிவு பகலில் வந்துவிட்டால் அன்றைய டோஸையே மாற்றலாம்.

இன்றைய மாத்திரையின் முழு விளைவு நாளைய ஐ.என்.ஆரில் தெரியாது. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் உறைதல் காரணிகள் தீர நாளாகும், அவற்றில் புரோத்ராம்பினுக்கு மட்டுமே அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறையும் நேரம்) 60 மணி நேரத்துக்கு மேல். டோஸை மாற்றி மறுநாளே எண் ஏறவில்லை என்று மேலும் கூட்டினால் நாலைந்து நாள் கழித்து 6, 7 என்று வந்து நிற்கும்.

கணக்கை வாரத்துக்குப் போடுங்கள். தினமும் 5 மி.கி. என்றால் வாரத்துக்கு 35. ஐ.என்.ஆர் 1.5-இலேயே நின்றால் சுமார் 10 சதவீதம் கூட்டி, மூன்று நாள் 6 மி.கி., நான்கு நாள் 5 மி.கி. என்று 38 ஆக்கலாம். ஒருமுறை மட்டும் 1.8 அல்லது 3.3 என்று எல்லையைச் சற்றுத் தாண்டியிருந்தால், இதுவரை நிலையாக இருந்தவருக்கு டோஸை மாற்றாமல் ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்பதே சரி. ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் டோஸை மாற்றுவதே ஊசலாட்டத்துக்குக் காரணமாகிவிடும்.

டோஸை மாற்றும் முன் எண் ஏன் மாறியது என்று கேட்க வேண்டும். மாத்திரை விட்டுப்போனதா? ஆன்டிபயாட்டிக் எடுத்தாரா? வயிற்றுப்போக்கில் சாப்பாடு குறைந்ததா? கால் வீங்கி, இதயச் செயலிழப்பு மோசமாகிக் கல்லீரலில் ரத்தம் தேங்கியதா? மது? பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

கீரையை நிறுத்தச் சொல்வது பழைய பழக்கம். நிறுத்த வேண்டாம், அளவை ஒரே சீராக வைத்தால் போதும். ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் அடியோடு இல்லை என்பதுதான் தொல்லை.

ஐ.என்.ஆர் 4.5-க்கு மேல் போய், 10-க்குள் இருந்து, கசிவு எதுவும் இல்லை என்றால் ஒன்றிரண்டு வேளை நிறுத்தி மறுபடி பார்ப்பது வழக்கம். 10-ஐத் தாண்டினால் வைட்டமின் கே வாய்வழியாகத் தரப்படும். வார்ஃபரினிலிருந்து மாறும்போது, அபிக்ஸபானும் டாபிகாட்ரானும் ஐ.என்.ஆர் 2-க்குக் கீழ் வந்ததும் தொடங்கலாம். ரிவரோக்ஸபான் 3-க்குக் கீழ் வந்ததும், எடோக்ஸபான் 2.5-க்கு வந்ததும் தொடங்கலாம். மாறிய பிறகு ஐ.என்.ஆர் பார்க்காதீர்கள். புதிய மருந்து அந்த எண்ணைக் குழப்பும், அது டோஸைப் பற்றி எதுவும் சொல்லாது.

கூட எடுக்கும் மற்ற மருந்துகள்

மூட்டு வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் எதுவும் கூடாது. வயிற்றுப் புண்ணையும் கசிவையும் சேர்த்தே கொண்டுவருவன இவை. பாராசிட்டமால் எடுக்கலாம். ஆனால் வார்ஃபரினோடு தினமும் 2 கிராம் வீதம் பல நாள் எடுத்தால் ஐ.என்.ஆர் ஏறும்.

கிருமித் தொற்றுக்கும் பூஞ்சைத் தொற்றுக்கும் தரப்படும் மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்ஸசோல், ஃப்ளூகோனசோல் ஆகியவை வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டுபவை. இவற்றைத் தொடங்கினால் 3 முதல் 5 நாளில் ஐ.என்.ஆர் பார்க்க வேண்டும். துடிப்பைச் சீராக்க ஏ.எஃப் நோயாளிகளுக்கே அடிக்கடி தரப்படும் அமியோடரோன் மெல்ல மெல்ல ஏற்றும். சில வாரங்களில் வார்ஃபரின் டோஸை 30 முதல் 50 சதவீதம் குறைக்க வேண்டி வரலாம். நிறுத்திய பிறகும் பல மாதம் உடம்பில் நிற்கும் மருந்து அது.

எதிர்த்திசையில் ரிஃபாம்பிசின், ஃபெனிடோயின், கார்பமசெபின். இவை புதிய மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். காசநோய்க்கோ வலிப்புக்கோ இவற்றை எடுப்பவருக்கு வார்ஃபரினே பெரும்பாலும் ஏற்றது, அதுவும் அடிக்கடி ஐ.என்.ஆர் பார்த்து. ரிஃபாம்பிசினை நிறுத்தும் நேரம்தான் அதிக ஆபத்து. முன்பு கூட்டிவைத்த வார்ஃபரின் டோஸ் அடுத்த சில வாரங்களில் மிகையாகிவிடும்.

ஸ்டென்ட் வைத்தவர்களின் மருந்துச் சீட்டை அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் (ஆஸ்பிரின் போலப் பிளேட்லெட்டைத் தடுப்பது), உறைவெதிர்ப்பு மாத்திரை மூன்றும் சேர்ந்திருக்க வேண்டியது பொதுவாக ஒரு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம். பிறகு ஆஸ்பிரினை விட்டு இரண்டு மருந்து, 6 முதல் 12 மாதம். அதற்குப் பிறகு உறைவெதிர்ப்பு மாத்திரை ஒன்றே போதும். யாரும் நிறுத்தச் சொல்லாததால் மட்டுமே ஆண்டுக்கணக்கில் தொடரும் ஆஸ்பிரின், கசிவுக்கான காரணங்களில் எளிதாக நீக்கக் கூடியது.

பல், ஆபரேஷன்

ஓரிரு பல் பிடுங்க வார்ஃபரினை நிறுத்த வேண்டாம். முந்தைய 24 மணி நேரத்துக்குள் பார்த்த ஐ.என்.ஆர் 4-க்குக் கீழே இருந்தால் போதும். புதிய மருந்துகளிலும் சாதாரணப் பல் எடுப்புக்கு நிறுத்தத் தேவையில்லை. சிக்கலானது என்றால் அன்று காலை டோஸை மட்டும் தள்ளிப்போடலாம். பஞ்சைக் கடித்து அழுத்துவதும், 5 சதவீத டிரனெக்ஸாமிக் அமிலத்தால் வாய் கொப்பளிப்பதும் கசிவை அடக்கும்.

பெரிய ஆபரேஷனுக்கு வார்ஃபரினை 5 நாள் முன்பு நிறுத்துவார்கள். இடையில் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். 2015-இல் வந்த பிரிட்ஜ் ஆய்வில் ஊசி போட்டவர்களுக்குப் பெரிய கசிவு 3.2 சதவீதம், போடாதவர்களுக்கு 1.3 சதவீதம். கட்டி அடைப்பில் ஊசியால் பலன் இல்லை. உலோக வால்வு உள்ளவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். புதிய மருந்துகளில் சிறு அறுவைக்கு முந்தைய ஒரு நாளும், பெரிய அறுவைக்கோ முதுகுத்தண்டில் மயக்க ஊசிக்கோ முந்தைய இரண்டு நாளும் விட்டால் போதும். டாபிகாட்ரான் எடுப்பவரின் வடிகட்டல் 50-க்குக் கீழ் என்றால் அந்த நாட்கள் இரண்டும் நான்குமாக இரட்டிக்கும். மறுபடி தொடங்குவது சிறு அறுவையில் மறுநாள், பெரிய அறுவையில் 48 முதல் 72 மணி நேரம் கழித்து. தொடங்கும் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். நிறுத்தச் சொன்னவர் தொடங்கச் சொல்ல மறப்பது உண்டு.

ரத்தம் வந்தால்

மூக்கில் வந்தால் உட்கார்ந்து, தலையை முன்பக்கம் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் விட்டுப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் மருத்துவமனை.

தார் போன்ற கறுப்பு மலம், ரத்த வாந்தி, திடீர்க் கடும் தலைவலி, தலையில் அடி ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் கிளம்ப வேண்டும். தலையில் அடி பட்டவர் அப்போது நன்றாகப் பேசினாலும் சரி. டாபிகாட்ரானுக்கு ஐடாருசிசுமாப் என்ற முறிமருந்து உண்டு. வார்ஃபரினுக்கு வைட்டமின் கே-யும் உறைதல் காரணிகளின் செறிவும் தரப்படும். மற்றவற்றுக்கும் பெரும்பாலும் அந்தச் செறிவுதான்.

சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம் வந்தால் மாத்திரைமேல் பழியைப் போட்டு முடித்துவிடாதீர்கள். மறைந்திருக்கும் குடல் புற்றையும் சிறுநீர்ப்பைப் புற்றையும் இந்த மாத்திரை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது உண்டு. காரணத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

முகம் கோணினால், கை தொய்ந்தால், பேச்சு குழறினால் மாத்திரை எடுப்பவருக்கும் பக்கவாதம்தான் முதல் சந்தேகம். கடைசி டோஸ் எத்தனை மணிக்கு என்பதை ஆம்புலன்ஸிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்ற முடிவு அந்த நேரத்தைப் பொறுத்தது.

துடிப்பு சீரான பிறகு

மின் அதிர்ச்சி தந்து துடிப்பைச் சீராக்குவதற்கு முன் 3 வாரம் ஒரு வேளைகூட விடாமல் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் வழியாக எக்கோ செய்து, இடது மேலறையின் பைக்குள் ரத்தக்கட்டி இல்லை என்று பார்க்க வேண்டும். பிறகு குறைந்தது 4 வாரம் தொடர வேண்டும், ஏனெனில் இசிஜி சீராகிவிட்டாலும் மேலறைத் தசை சுருங்கப் பழக நாளாகும். அப்லேஷன் (தவறான துடிப்பைக் கிளப்பும் இடத்தைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) செய்துகொண்டவர்கள் குறைந்தது 2 மாதம் தொடர வேண்டும். அதற்கப்பால் முடிவைச் சொல்வது இசிஜி அல்ல, மேலே போட்ட மதிப்பெண். 2 அல்லது அதற்கு மேல் உள்ளவர், ஏ.எஃப் திரும்பவே இல்லை என்றாலும் மாத்திரையில் இருப்பதே வழக்கம்.

நிற்காத கசிவால் எந்த மாத்திரையும் நெடுநாள் எடுக்க முடியாதவர்களுக்கு அந்தப் பையின் வாயை அடைக்கும் கருவியைத் தொடையின் ரத்தக்குழாய் வழியாக வைக்கலாம். வைத்த அன்றே மருந்து நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கருவியின் மேல் இதயத்தின் உட்சவ்வு படரும் வரை, சில வாரமோ சில மாதமோ, உறைவெதிர்ப்பு மாத்திரையோ ஆஸ்பிரின் வகையோ ஏதாவது ஒன்று தொடரத்தான் செய்யும்.